எல்லா அப்பாக்களுக்கும் ஒரே காது

எங்கள் பட்டறையில் செய்த படங்கள் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்குகின்றன. எல்லாம் யாரோ ஒருவருடைய அப்பா. மஞ்சள் முகம், நீல மீசை, கன்னத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. பாப் ஆர்ட் என்று விளம்பரத்தில் போட்டிருப்போம். அந்த முகங்களையெல்லாம் வெட்டியவர் என் பெரியம்மா. படத்தில் இருக்கும் அப்பாக்களில் ஒருவரைக்கூட இந்த வருஷம் வரை அவர் நேரில் பார்த்ததில்லை.

பார்க்க வழியும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: "அப்பாவுக்குத் தெரியக்கூடாது." தந்தையர் தினத்தன்று காலையில் காகிதத்தைப் பிரிக்கும்போதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் நாங்கள் போன் செய்வோம். போட்டோக்களும் திருட்டுத்தனமாகத்தான் வரும். தூங்கும்போது எடுத்தது, யாரோ நண்பரின் கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்பது, பைக்கில் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு எடுத்தது.

பட்டறை என்றால் பெரியம்மா வீட்டின் முன்னறைகள் இரண்டும்தான். முதல் அறையில் கண்ணாடி மேஜை, அதற்கு அடியில் டியூப் லைட். போட்டோவைப் பெரிதாக்கி அந்தக் கண்ணாடி மேல் வைத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டுவார் பெரியம்மா. நிழல் விழுந்த இடங்களை மட்டும் கத்தியால் வெட்டி எடுப்பார். ஒரு நிறத்துக்கு ஒரு தாள். அடுத்த அறை பெரியப்பாவுடையது. வெட்டிய தாளைப் பலகை மேல் வைத்து, ஸ்பாஞ்சால் பெயிண்டைத் தட்டித் தட்டி நிறம் ஏற்றுவார். புள்ளிகளுக்கு ஓட்டை ஓட்டையான ஒரு தகரத் தகடு வைத்திருக்கிறார். என் அம்மா, அதாவது பெரியம்மாவின் தங்கை, படங்களைத் துடைத்துப் பொட்டலம் கட்டுவார். வருகிறவர்களுக்குத் தமிழிலும் இங்கிலீஷிலும் பதில் எழுதுவது என் வேலை.

பெரியப்பா பெரியம்மாவை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார். "மேஸ்திரி, இந்த ஆளுக்கு மூக்கு இருக்கா இல்லையா? தாள்ல காணோமே?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்பார் பெரியம்மா, தலை தூக்காமல்.

"என்னது?"

"கண்ணாடி!"

"பெயிண்ட்ல முன்னாடி போட்டா சரியா இருக்குமா?"

பெரியப்பாவுக்கு வலது காது அவ்வளவாகக் கேட்காது. பல நாளாக அப்படித்தான். அந்த வலது காதுக்கு எங்கள் பட்டறையில் ஒரு தனி இடம் உண்டு.

முகத்தில் வெட்டக் கஷ்டமானது காது என்று பெரியம்மா சொல்வார். கண்ணும் மீசையும் பரவாயில்லை. காது என்றால் உள்ளுக்குள் மடிப்பு, அதற்குள் இன்னொரு மடிப்பு. கொஞ்சம் அதிகமாக வெட்டினால் நடுத்துண்டு கையோடு வந்துவிடும். போட்டோவிலும் காது சரியாக இருக்காது. ஹெல்மெட் மறைக்கும், முடி மறைக்கும், இல்லை படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். தொழில் தொடங்கிய வருஷம், பெரியப்பாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவருடைய வலது காதைப் பார்த்து நிதானமாக ஒரு தாள் வெட்டினார் பெரியம்மா. நல்ல காது அது. மேல் வளைவு வட்டமாக இருக்கும், உள் மடிப்பு மேலே போய் இரண்டாகப் பிரியும், மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். போட்டோவில் காது தெளிவாக இல்லாத அப்பாக்களுக்கு அதையே போட்டார். தாளைத் திருப்பிப் போட்டால் இடது காது.

கொஞ்ச நாளில், காது தெளிவாக இருந்தவர்களுக்கும் அதையே போட ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. கண் சரியாக இருக்கிறதா, மீசை சரியாக இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். காதுத் தாள் மேஜைக்கு மேல் ஓர் ஆணியில் தொங்கும். பெயிண்ட் ஏறி ஏறி அது தகடு மாதிரி விறைத்துப் போயிருந்தது.

"ஊர்ல இருக்கிற அப்பனுங்க எல்லாம் என் காதாலதான் கேக்கறாங்க" என்பார் பெரியப்பா. "எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

"கேட்டா மட்டும் செய்யப் போறீங்களா?" என்பார் என் அம்மா.

இந்த வருஷம் பெரியம்மா சரியாகத் தூங்கவில்லை. வலது கையின் கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. கத்தியைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். பெரியம்மா இரண்டு தடவை தேதி வாங்கி, இரண்டு தடவையும் தள்ளிப்போட்டிருந்தார். இந்த முறை எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"இந்த வேலை முடியட்டும். கடைசிப் படம் போனதும் கத்தியைப் பெட்டியில வைக்கிறேன். அப்புறம் யார் வந்து கேட்டாலும் எடுக்க மாட்டேன். என்னால முடியல."

அழுது கேட்டிருந்தால் பெரியப்பா கிண்டல் செய்திருப்பார். நிதானமாகச் சொன்னதால் தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை எப்படியோ முடிந்தது. கடைசி நாட்களில் பெரியம்மா கத்தியின் பிடியில் துணியைச் சுற்றி, முஷ்டியால் பிடித்து வெட்டினார். சாப்பிடும்போது கை நடுங்கியதால் ஸ்பூனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கடைசிப் பொட்டலம் போன அன்று மேஜை விளக்கை அணைத்துவிட்டு அதன் மேலேயே தலையைச் சாய்த்தார். என் அம்மா போய் எழுப்பும் வரை அப்படியே இருந்தார். தந்தையர் தினம் வந்து போனது. ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அன்று காலையில் ஒரு பெண் வந்தாள். கையில் எங்கள் பழுப்புக் காகிதம் சுற்றிய படம். ஆபீஸ் போகும் உடை, தோளில் பை. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, சண்டை போட வரல" என்றாள்.

அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் சண்டை போடுவார்கள். ஆனால் இவளுக்கு அதற்குத் தெம்பு இருப்பதாகத் தெரியவில்லை. படத்தை மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். மஞ்சள் முகம், அடர்ந்த புருவம், பெரிய மூக்கு. பெரியம்மாவின் கடைசி வேலைகளில் ஒன்று. நன்றாகவே வந்திருந்தது.

"எங்க அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்கினவர்" என்றாள். "ஆயுசு முழுக்க அதேதான். மூட்டை அழுத்தி அழுத்தி அவருக்கு இந்தப் பக்கக் காது நசுங்கிப் போயிருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காது, அதனால அது கண்ணுல படறதே இல்ல. நான் அனுப்பின போட்டோல அது பாதி வெளிய போயிருந்தது. படம் வந்தப்பவும் நான் கவனிக்கல. அவர் பிரிச்சதும் முதல்ல அதைத்தான் பார்த்தார்."

"என்ன சொன்னார்?" என்றார் பெரியம்மா.

"'காதை நேராக்கச் சொல்லிட்டியா?'ன்னு கேட்டார். அவ்வளவுதான். அதுலேர்ந்து என்கிட்ட பேசல."

அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் போட்டோ நான் வேலைல சேர்ந்த அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல எடுத்தது. புதுச் சட்டை போட்டுக்கிட்டு வாங்கப்பான்னு சொல்லியிருந்தேன். நான் சாதாரணமாத்தான் சொன்னேன். அவர் அதை மனசுல வெச்சிருந்திருக்கார். இப்ப ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டார். மூட்டைத் தூக்கி பொண்ணுன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமாம்."

பெரியப்பா உள்ளறையிலிருந்து வந்து விஷயத்தை இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார். "இதுக்கா இவ்வளவு? தொழில்ல தப்பு நடந்து போச்சுன்னு சொல்லும்மா. வேற போட்டுத் தர்றோம்."

"சொன்னேன் சார். நம்பல. தப்பா வந்தா கோணலாத்தானே வரும், இவ்வளவு அழகா எப்படி வரும்னு கேக்கறார்."

பெரியம்மா ஆணியில் தொங்கிய தாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது என்னவென்று தெரியாது. படத்தை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டு முகவரியை என்னிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தெரு முனையைத் தாண்டும் வரை காத்திருந்து பெரியப்பா ஆரம்பித்தார். "மேஸ்திரி, உன் மூஞ்சியைப் பார்த்தா ஏதோ பண்ணப் போறன்னு தெரியுது. வேணாம்."

"அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லைங்க."

"இல்லதான். அதுக்கு? எல்லாருக்கும் ஒரே காதைத்தான் ஒட்டினோம்னு போய்ச் சொல்லப் போறியா? நாளைக்கு ஊர்ல ஒவ்வொருத்தனும் அப்பன் காதையும் படத்தையும் வெச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டு இங்க வந்து நிப்பான். கையால செஞ்சது, ஒவ்வொண்ணும் தனித்தனின்னு போர்டுல எழுதி வெச்சிருக்கோம்."

"எழுதினது நீங்கதானே?"

"நான் எழுதினேன். நீ படிச்சுப் பார்த்துட்டுச் சரின்னு சொன்ன."

"அக்கா, உனக்கு நாளன்னைக்கு ஆபரேஷன்" என்றார் அம்மா. "கத்தியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். போன் பண்ணி ரெண்டு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டு விடு."

"போன்ல சொன்னா அவர் ஏன் நம்பணும்? பொண்ணு சொல்லிக்கொடுத்துப் பேசறேன்னு நினைப்பார்."

பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். இப்போதெல்லாம் அவர் எழுவதே ஒரு வேலை. முதலில் இடது கையை மேஜை மேல் ஊன்றுவார், பிறகு ஒரு மூச்சு, பிறகுதான் முழங்கால். எழுந்து நின்று பெரியப்பாவைப் பார்த்தார்.

"சட்டையை மாத்துங்க."

"நான் எதுக்கு?"

"சாட்சிக்கு. உங்க காதுதானே அங்க போய் உக்காந்திருக்கு."

பெரியப்பா கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். காதில் விழாதது போல இருப்பதில் அவர் தேர்ந்தவர். ஆனால் பெரியம்மா பையில் மஞ்சள் டப்பாவையும் கறுப்பு டப்பாவையும் இரண்டு பிரஷ்களையும் எடுத்து வைப்பதைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். என்னை முகவரிக்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும் வழியில் அந்தப் பெண்ணுக்குத் தகவல் அனுப்பினேன். ஆபீசில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

மார்க்கெட்டின் குடோன்களுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. மாடியில் இரண்டு அறை வீடு. படி ஏறும்போது பெரியம்மா பாதியில் நின்று கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "முடியலைன்னா திரும்பிடலாம்" என்றார் பெரியப்பா. இந்த முறை கிண்டல் இல்லை.

"ஏறின பாதி வீணாப் போகும்" என்றார் பெரியம்மா.

அந்தப் பெண் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. அவள் அப்பா ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்து ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அகலமான தோள். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. பெரியம்மா வாசலிலேயே நின்று அவரைப் பார்த்தார். ரொம்ப நாள் பழகிய ஒருவரை இன்னொரு ஊர் பஸ்ஸில் பார்த்தால் பார்ப்போமே, அப்படி.

"மூக்கு சரியாத்தான் வந்திருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"யாரு?" என்றார் அவர்.

"உங்க முகத்தை வெட்டினது நான்தாங்க."

"வெட்டினீங்களா?"

"படத்துக்கு. பொண்ணு கொடுத்துதே, அந்தப் படம்."

அவர் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணெய்க் குப்பியை மூடினார். "பேசிச் சரி பண்ணுங்கன்னு ஆள் கூட்டிட்டு வந்திருக்காளா?"

"கூட்டிட்டு வரல. நாங்களா வந்தோம். நான் பேசப் போறதும் இல்ல" என்றார் பெரியம்மா. "ஒண்ணு காட்டறேன், பாருங்க. ஏங்க, இப்படி வாங்க. ஜன்னல் பக்கம் திரும்புங்க."

பெரியப்பா பள்ளிக்கூடப் பையன் போலத் திரும்பி நின்றார். பெரியம்மா காகிதத்தைப் பிரித்து, படத்தை அவருடைய தலைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். வலது கை நடுங்கியதால் நான் அடியில் பிடித்துக்கொண்டேன்.

"படத்துல இருக்கறது உங்க காது இல்ல. இவர் காது. உங்க பொண்ணு காதைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போட்டோல பாதி இல்ல, நான் இதைப் போட்டேன். எல்லாருக்கும் இதைத்தான் போடறேன். நேராக்கணும்னு யாரும் நினைக்கல. எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்."

அவர் எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பெரியப்பாவின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, சரக்கைப் பார்ப்பது போல வெளிச்சத்துக்குத் திருப்பினார். மேல் வளைவு, இரண்டாகப் பிரியும் மடிப்பு, ஒட்டிய மடல். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பெண் சுவரோரம் நின்றாள். அவர் அதை நம்பவில்லை என்றால் அவளிடம் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

"இதேதான்" என்றார் அவர் கடைசியில்.

"இதேதாங்க."

"எத்தனை பேருக்கு?"

"எண்ணல."

"ஒருத்தன்கூட கேக்கலையா?"

"நீங்கதான் முதல்" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு, கேட்காமலேயே பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே ஆச்சரியம்தான். இத்தனை வருஷத்துல யாரும் பாக்கல."

அவர் பெரியப்பாவிடம், "உங்களுக்குக் கோபம் வரலையா?" என்றார்.

"என்னது?" என்றார் பெரியப்பா.

"அந்தக் காது கேக்காதுங்க" என்றார் பெரியம்மா.

"அட, என்னுதும்தான்" என்றார் அவர். வாய் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றது. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "இவங்களுக்கு டீ போடும்மா."

அந்த 'ம்மா'வைக் கேட்டதும் அந்தப் பெண் சட்டென்று உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது. ஒரு டீக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

"அப்ப என் காதை எப்பப் போடுவீங்க?" என்றார் அவர்.

"இப்பவே. கத்தி பிடிக்க முடியாது. பிரஷ்ஷால போடறேன். சுத்தமா வராது."

படத்தைத் தரையில் வைத்து, அதன் காதை மஞ்சளால் மூடினார் பெரியப்பா. அது காயும் வரை டீ குடித்தோம். பிறகு பெரியம்மா, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டு, மரத்துப் போகாத இடது கையால் மூட்டைக்காரரின் நசுங்கிய காதைத் தொட்டார். மேல் பாதி, பிசைந்துவிட்ட மாவு போல மண்டையோடு படிந்து கிடந்தது.

"இது சிமெண்ட் மூட்டை" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "ஈரமா இருந்தா காதுல ஒட்டிக்கும். அப்புறம் உரிச்சுத்தான் எடுக்கணும்."

பெரியம்மா பிரஷ்ஷை முஷ்டியில் பிடித்தார். கறுப்புக் கோடு போகும் இடமெல்லாம் நடுங்கியது. மூட்டைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் நசுங்கணும்... இல்ல இல்ல, கீழ இல்ல, மேல... ஓட்டையை இவ்வளவு பெருசா விடாதீங்க, பாதி மூடிப் போச்சு."

"சும்மா இருங்கப்பா, அவங்களுக்குத் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

"உனக்கே தெரியல, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தன் டம்ளரை அவளிடம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமாம்.

முடிந்ததும் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்தோம். முகமெல்லாம் சுத்தமான கோடு, காது மட்டும் கோணல். அது மட்டும் வேறு யாரோ வரைந்தது போல இருந்தது. மூட்டைக்காரர் தன் காதைத் தடவிப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். "சரி" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மார்க்கெட் முழுக்கச் சொல்லிடுவான்" என்றார்.

"சொல்லட்டும்" என்றார் பெரியம்மா. கையை மடியில் போட்டுக்கொண்டு, முன்னால் தெரிந்த அந்த வலது காதையே பார்த்தபடி வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து தாளை எடுத்து மடிக்கப் பார்த்தார். மடியவில்லை. ஆடிக்கொண்டிருந்த கண்ணாடி மேஜையின் ஒரு காலுக்குக் கீழே அதைச் செருகிவிட்டு, கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பெரியப்பா பயந்தது போலக் கூட்டம் எதுவும் வரவில்லை. ஒரே ஒருவர் வந்தார். அவர் அப்பாவின் காது நிஜத்திலேயே படத்தில் இருப்பது போலத்தானாம், யாருடைய காது என்று பார்த்துவிட்டுப் போக வந்தாராம். பெரியப்பா திரும்பிக் காட்டினார்.

ஆபரேஷன் முடிந்து பெரியம்மா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாசித்துக் காட்டினேன். "அப்பா தினமும் படத்துக்கு முன்னாடி நின்னு ஆராய்ச்சி பண்றார். கண்ணாவது என்னுதா, இல்ல அதுவும் வேற யாருதாவதான்னு கேக்கச் சொல்றார்."

பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துப் போனை வைக்கப் போனேன்.

"கண்ணு அவரோடதுதான். அதை நான் யார்கிட்டயும் இரவல் வாங்கினதில்லைன்னு எழுது" என்றார்.

எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கும்" என்றார்.